வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன்



மலர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது போட்டோ பக்கத்தைத்தான். போன வருடம் நானும் அதையேதான் செய்தேன். அதைப் பார்த்து முடித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்தால் போதும். நான் சொல்லப்போவது ஒரு தமிழ் விஞ்ஞானியின் வாழ்க்கை. அவர் மறைந்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இந்த வருடம் வரைக்கும் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் எங்க ஊர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் காடு, கொஞ்சம் ஆடு. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மின்னியல் பிரிவில் சேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த முதல் வாரம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். என் மலைப் பேச்சைக் கேட்டுப் பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், அதோடு என் வாய் மூடிக்கொண்டது. சார் புரிஞ்சுதா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். ஒண்ணுமே புரிந்திருக்காது. முதல் வருட முடிவில் இரண்டு பேப்பர் அரியர். இந்தப் பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது, இனிமேல் படிக்கப் போகலை, சித்தப்பா மகனோடு கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். பரீட்சைப் பணத்தை என் பையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மட்டும் சொன்னார்.

அப்படித் திரும்பி வந்தவனுக்குத்தான் பிப்ரவரியில் அந்தச் சீட்டு கிடைத்தது.

சீட்டில் வந்த தலைப்பு

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1987-ல் இருந்து நாடு முழுவதும் கொண்டாடுகிறோம். அதற்காக எங்க இயற்பியல் சார் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார். பத்து நிமிடம் பேச வேண்டும். என் சீட்டில் மிக மெல்லிய படலங்களில் மீகடத்தல், அடித்தளத்தின் பங்கு என்று இருந்தது. வேற சீட்டு குடுங்க சார் என்று கேட்கலாமா என்று பார்த்தேன். அதற்கும் வாய் வரவில்லை. சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி மட்டும் சொன்னார். ராமனோடு வேலை செய்த கிருஷ்ணன், கிராஃபைட் அடுக்கில் என்ன கண்டுபிடித்தார் என்று தேடிப் படி, அங்கிருந்து தொடங்கு என்றார். நூலகத்தில் தேட ஆரம்பித்தேன்.

மலையடிவாரத்துச் சிறுவன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். இன்றைக்கு அது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். நம் கல்வராயன் மலைக்குக் கீழே கச்சிராயபாளையம் எப்படியோ அப்படி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தந்தை விவசாயி. ஆனால் நன்றாகப் படித்தவர். அந்த வகையில் அவர் நிலைமை வேறு, என் நிலைமை வேறு. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் கிருஷ்ணனுக்குக் கடைசிவரை ஆழ்ந்த பற்று இருந்தது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். கிறித்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. பட்டம் வாங்கியதும் அங்கேயே வேதியியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. நம் லேபில் சோதனை சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி வேலைதான்.

சாப்பாட்டு நேரத்து வகுப்பு

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிருஷ்ணன் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழக்கம் தொடங்கினார். இயற்பியல், வேதியியல், கணக்கு எதுவாக இருந்தாலும் சரி, எந்த மாணவனும் வந்து எந்தச் சந்தேகமும் கேட்கலாம். வருகைப் பதிவு கிடையாது, பரீட்சை கிடையாது. வேறு கல்லூரி மாணவர்கள்கூட வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவருக்கு அப்போது இருபது, இருபத்தொன்று வயதுதான். அவர் பேராசிரியரும் இல்லை. கேள்வி கேட்கப் பயப்படுகிறவனுக்கு ஒரு இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் நான் அங்கே இருந்திருந்தால் போயிருப்பேன்.

ராமனோடு

1920-ல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் போனார். சில வருடங்களில் சி.வி. ராமனுடைய ஆய்வுக்குழுவில் சேர்ந்து, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் வேலை செய்தார். 1928 பிப்ரவரியில் இருவரும் ஒளிச் சிதறல் சோதனையில் இரவு பகலாக இருந்தார்கள். வண்ணக் கண்ணாடி வழியே சூரிய ஒளியை ஒரு திரவத்துக்குள் அனுப்பினால், சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. பல திரவங்களில் இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தவர் கிருஷ்ணன். அந்த நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பும் இருக்கிறது. பிப்ரவரி 28 அன்று கண்டுபிடிப்பு உறுதியானது. அதைத்தான் நாம் அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

அந்த வருடம் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் ராமன், கிருஷ்ணன் இரண்டு பேர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. விளைவுக்கு நிலைத்த பெயர் ராமன் விளைவு. இதில் யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. ராமன் இல்லாமல் அந்த ஆய்வே இல்லை. ஆனால் கிருஷ்ணன் உரிமை கேட்டு உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நூலில் தொங்கிய படிகம்

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். சத்யேந்திரநாத் போஸ் இருந்த இடம் அது. அங்கே கிருஷ்ணன் எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்த குணம். அவர் செய்த சோதனையைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். படிகம் லேசாகத் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்பதை அளந்தால், எந்தத் திசையில் காந்த குணம் அதிகம், எந்தத் திசையில் குறைவு என்று கணக்குப் போடலாம். எளிய கருவிதான்; ஆனால் அளவு அவ்வளவு துல்லியம்.

1933-ல் கல்கத்தாவுக்கே திரும்பி, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார். அங்கேதான் கிராஃபைட்டை எடுத்தார். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்தான். நம் மெஷின் லேபில் டி.சி. மோட்டாரின் பிரஷ் கறுப்பாக இருக்கிறதே, அதிலும் அதுதான். கார்பன் அணுக்கள் ஒரு தளத்தில் அறுகோண அறுகோணமாகக் கோத்து நிற்கும். அந்தத் தளத்தின் மேல் இன்னொரு தளம், அதன் மேல் இன்னொன்று. தளத்துக்குள் பிணைப்பு மிக உறுதி. தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே பிடிப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் பென்சில் காகிதத்தில் வழுக்கி எழுதுகிறது.

கிராஃபைட் காந்தத்தை விலக்கும் பொருள். காந்தப்புலம் தளத்துக்குச் செங்குத்தாக இருந்தால் அந்த விலக்கல், தளத்தோடு இணையாக இருப்பதைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. 1941-ல் கங்குலி என்பவரோடு சேர்ந்து, வெப்பநிலை மாறும்போது இது எப்படி மாறுகிறது என்றும் அளந்தார். எலக்ட்ரான்கள் தளத்துக்குள்ளே தாராளமாக ஓடுகின்றன, தளம் விட்டுத் தளம் எளிதில் தாவுவதில்லை என்பது அதில் தெளிவானது. முப்பரிமாணக் கட்டிதான், ஆனால் உள்ளே எலக்ட்ரானுக்கு அது ஒரு தட்டையான உலகம். மெல்லிய படலம் என்ற விஷயம் பெரிதாவதற்குப் பல வருடம் முன்பே, கட்டிக்குள் இருக்கும் படலத்தை அவர் அளந்துவிட்டார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர். அங்கே பாட்டியா என்பவரோடு சேர்ந்து உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். திரவத்தில் ஒளி அலை சிதறுவது மாதிரியே, உலோகத்தில் எலக்ட்ரான் அலை சிதறுவதால்தான் மின்தடை வருகிறது என்ற வழியில் கணக்கிட்டார். ராமனோடு கற்ற பாடம் இங்கே உதவியிருக்கிறது பாருங்கள்!

டெல்லியில் குளிர் ஆய்வகம்

1947 ஜனவரி 4 அன்று டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21 அன்று சர்தார் பட்டேல் திறந்து வைத்தார். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். தேர்தலில் நம் விரலில் வைக்கிறார்களே அழியாத மை, அது அந்த ஆய்வகத்தில் உருவானதுதான். 1962 பொதுத்தேர்தலில் அது பயன்பட்டபோது கிருஷ்ணன் உயிரோடு இல்லை.

அந்த ஆய்வகத்தில்தான் 1952-ல் இந்தியாவில் முதன்முதலாக ஹீலியம் வாயுவைத் திரவமாக்கும் இயந்திரம் வந்தது. திரவ ஹீலியத்தின் வெப்பநிலை 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். இதில் என்ன விசேஷம்? 1911-ல் ஹாலந்து நாட்டின் காமர்லிங் ஓன்ஸ் இந்தக் குளிரில் பாதரசத்தை வைத்துப் பார்த்தபோதுதான் அதன் மின்தடை காணாமலே போனது. அதுதான் மீகடத்தல், சூப்பர் கண்டக்டிவிட்டி. எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, சிதறாமல் ஓடுகின்றன. அந்தக் குளிரை நம் நாட்டு விஞ்ஞானிகள் கைக்குக் கொண்டுவந்து வைத்த ஆய்வகத்தைக் கட்டியவர் கிருஷ்ணன்.

1954-ல் பத்மபூஷண், 1958-ல் முதல் பட்நாகர் விருது. 1961 ஜூன் மாதம் டெல்லியில் காலமானார். கடைசிவரை அந்த ஆய்வகத்தின் இயக்குநராகவே இருந்தார்.

அவருக்குப் பிறகு நடந்தது

இனி என் சீட்டுத் தலைப்பு. கிருஷ்ணன் அளந்த அந்தக் கிராஃபைட், தானாக மீகடத்தி ஆவதில்லை. ஆனால் அதன் தளங்களுக்கு நடுவே கால்சியம் அணுக்களைச் செருகினால் 11.5 கெல்வினில் மீகடத்தி ஆகிறது. இதை 2005-ல் கண்டார்கள். 2004-ல் கிராஃபைட்டின் ஒரே ஒரு தளத்தை ஒட்டும் டேப்பால் உரித்து எடுத்தார்கள். அதுதான் கிராஃபீன். 2018-ல் இரண்டு கிராஃபீன் தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக 1.1 டிகிரி திருப்பி வைத்தார்கள். அதற்குச் சிறிது மின்னேற்றம் தந்து குளிர்வித்தால், 1.7 கெல்வினில் அதுவும் மீகடத்தி! பொருள் மாறவில்லை, ஒன்றை ஒன்று தொடும் விதம்தான் மாறியது.

இதைவிட என்னை அசர வைத்தது இரும்பு செலினைடு. கட்டியாக இருக்கும்போது அது சுமார் 8 கெல்வினில் மீகடத்தி. அதை ஒரே ஒரு அடுக்காக, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் பூசினால் என்ன ஆகும்? பொதுவாகப் படலம் மெலிய மெலிய மீகடத்தல் பலவீனமாகும். 2011-ல் சீன விஞ்ஞானிகள் கிராஃபீன் மேல் பூசிப் பார்த்தார்கள். 2.2 கெல்வின் வரை குளிர்வித்தும் அந்த ஒற்றை அடுக்கில் மீகடத்தல் தெரியவில்லை. 2012-ல் அதே ஒற்றை அடுக்கை ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற படிகத்தின் மேல் பூசினார்கள். அந்த அடித்தளத்தில் சுமார் 65 கெல்வினிலேயே மீகடத்தலுக்கான அறிகுறி தொடங்குவதை அளந்தார்கள். கட்டியைவிட எட்டு மடங்கு!

அதே பொருள், அதே தடிமன். ஒரு இடத்தில் ஒன்றுமில்லை, இன்னொரு இடத்தில் 65. காரணம் அடியில் இருப்பது. கிராஃபீன் அந்தப் படலத்தை லேசாகத்தான் தாங்குகிறது. அதனோடு கொடுக்கல் வாங்கல் குறைவு. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் அப்படி இல்லை. ஒட்டும் எல்லையில் தன்னிடமிருந்து எலக்ட்ரான்களைப் படலத்துக்குத் தருகிறது. அதன் அணுக்களின் அதிர்வு, படலத்தில் உள்ள எலக்ட்ரான்கள் ஜோடி சேரவும் துணை செய்கிறது. இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்கிறார்கள். எல்லையில்தான் காரியம் நடக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

அப்பா சொன்ன விளக்கம்

சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து என்னடா படிக்கிற என்று கேட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒரே பொருளை இரண்டு தரையில் மெல்லிசாப் பூசினா ஒரு தரையில வேலை செய்யுது, இன்னொரு தரையில செய்யலைப்பா என்றேன். அப்பா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. நம்ம காட்டுலயும் மேல் மண் ஒரு முழம்தான்டா, அடியில வெறும் பாறையா இருந்தா மரவள்ளி நிக்காது, ஈரம் பிடிக்கிற மண்ணா இருந்தா அதே ஒரு முழத்துல கிழங்கு இறங்கும், மேல் மண்ணை மட்டும் பார்த்து நடக்கூடாது என்றார். சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார்.

பள்ளிக்கூடமே போகாத எங்க அப்பாவுக்கு இது ஏற்கனவே தெரிந்திருக்கிறது! பட்டியைப் பார்த்தேன். இரண்டு ஆடு குறைவாக இருந்தது. நான் எதன் மேல் நின்று படிக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

பிப்ரவரி 28 அன்று மேடையில் ஏறினேன். கிருஷ்ணன் கதையையும் அப்பாவின் மண் கதையையும் சேர்த்து, என் மலைப் பேச்சிலேயே சொன்னேன். முதல் இரண்டு நிமிடம் குரல் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. முடித்ததும் பின் பெஞ்ச் நண்பன் ஒருவன் வந்து, எலக்ட்ரான் ஏன் ஜோடி சேருது, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுடா என்று கேட்டான். எனக்கும் பாதிதான் தெரியும் என்றேன். இருவரும் சேர்ந்து சாரிடம் போய்க் கேட்டோம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நான் ஒரு ஆசிரியரிடம் கேட்ட முதல் சந்தேகம் அது.

அதற்கு அடுத்த வாரத்தில் இருந்து மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒர்க்‌ஷாப் பக்கத்துப் புங்கமரத்தடியில் நாங்கள் ஆறேழு பேர் உட்காருகிறோம். யாருக்கு எது புரியவில்லையோ அதைக் கேட்கலாம். தெரிந்தவன் சொல்கிறான். யாருக்குமே தெரியாவிட்டால் நோட்டில் எழுதி வைத்துச் சாரிடம் போகிறோம். கிருஷ்ணன் செய்ததை அப்படியே காப்பியடித்ததுதான், மறைக்கவில்லை. என் இரண்டு அரியரும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. ஏப்ரலில் எழுதப் போகிறேன். கேரளா போகிற பேச்சை மட்டும் நிறுத்திவிட்டேன்.

ராமன், கிருஷ்ணன் இருவரில் யார் பெரியவர் என்று நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். படலம் பெரிதா, அடித்தளம் பெரிதா என்று கேட்கிற மாதிரிதான் அது. இரண்டும் ஒட்டிய இடத்தில்தான் அந்தப் பிப்ரவரி மாதத்து அதிசயம் நடந்தது. அதனால் அடுத்த வருடம் அறிவியல் நாளில் ராமன் படத்துக்கு மாலை போடும்போது, பக்கத்தில் வத்திராயிருப்பு கிருஷ்ணன் படத்தையும் வைக்க வேண்டும் என்று மாணவர் மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளில் வகுப்பில் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கள் இருந்தால், மதியம் புங்கமரத்தடிக்கு வாருங்கள். எந்த ஊர்ப் பேச்சாக இருந்தாலும் பரவாயில்லை.

வாழ்க கே.எஸ். கிருஷ்ணன் புகழ்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு